அவலாஞ்சிக்கு வந்த மீன்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார், ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே பதினாலு வந்திருக்கு" என்று நம் சங்கச் செயலாளர் போனில் சொன்னார். மெஸ் சாம்பாரைப் பற்றி இன்னும் எத்தனை பேர்தான் எழுதுவார்கள்! ஆகவே நான் மீனைப் பற்றி எழுதுகிறேன். மெஸ் மீன் அல்ல. நீலகிரியில், குந்தா மலையோரத்தில், தண்ணீருக்குள் கை விட்டால் விரல் மரத்துப் போகும் ஓடைகளில் இருக்கும் டிரவுட் மீன். அதை இந்த மலரில் எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

1974 ஜனவரியில் நம் விலங்கியல் இரண்டாம் ஆண்டு வகுப்பு அவலாஞ்சிக்கு டூர் போனது நம் செட் நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். விடியற்காலையில் கிளம்பி, மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டு, குன்னூர், ஊட்டி தாண்டி எமரால்டு வழியாக அந்த வாடகை பஸ் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்தாகிவிட்டது. ஸ்வெட்டர் இருந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் ஹாஸ்டல் போர்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினோம். கோவைக்காரப் பையன்கள் போர்வையோடு வரிசையில் நிற்பதைப் பார்த்து அங்கே வேலை செய்த பெரியவர், "ஆஸ்பத்திரியிலிருந்து வர்றீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அந்தப் பெரியவரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். ஆனால் அவர் சொன்னது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. பலர் நினைப்பதுபோல் நீலகிரியில் உள்ளது சீமை மீனும் அல்ல. இங்கிலாந்து ஆறுகளில் உள்ளது பழுப்பு டிரவுட். நீலகிரியில் நிலைத்தது ரெயின்போ டிரவுட். உடலின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும், மேலெல்லாம் கரும்புள்ளி. அதன் பூர்வீகம் பசிபிக் கடலோரம், முக்கியமாக வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. நாம் படித்த காலத்தில் அதன் பெயர் சால்மோ கெய்ர்ட்னெரி. 1989-ல் அதை ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்று மாற்றிவிட்டார்கள். நாம் மனப்பாடம் செய்தது வீண்.

ஊட்டிக்கு வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு அங்கே எல்லாம் இருந்தது. குளிர் இருந்தது, ஸ்ட்ராபெர்ரி இருந்தது, நரி வேட்டைக்குப் பதிலாகக் குள்ளநரி வேட்டை இருந்தது. ஓடை இருந்தது, ஆனால் ஓடையில் தூண்டில் போட்டுப் பிடிக்க ஒரு கௌரவமான மீன் இல்லை. மலையுச்சி ஓடைகளில் இருந்தவை பெரும்பாலும் விரல் நீளச் சிறு மீன்கள்தான். கீழே பவானியில் இருக்கும் பெரிய மீன்கள் அருவிகளைத் தாண்டி ஏறி வர முடியாது. அங்கேயே பூர்வீகமாக வாழ்ந்த தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள், மரபாக மாமிசம் தொடாதவர்கள். ஆகவே இந்தக் குறை வெள்ளைக்காரருக்கு மட்டுமே இருந்த குறை.

முதல் முயற்சி 1863-ல் நடந்தது. செய்தவர் பிரான்சிஸ் டே. மீன் வகைப்பாடு படித்த யாருக்கும் இந்தப் பெயர் தெரியும். நம் லேப் அலமாரியில் பூட்டி வைத்து, சாவியை அட்டெண்டர் இடுப்பில் சொருகியிருந்த 'இந்திய மீன்கள்' புத்தகத்தை எழுதியவர் அவர்தான். மதராஸ் ராணுவத்தில் டாக்டர். இங்கிலாந்திலிருந்து டிரவுட் முட்டைகளைக் கொண்டுவரப் பார்த்தார், முட்டைகள் பிழைக்கவில்லை.

ஏன் பிழைக்கவில்லை என்று இன்று யோசித்தால், பிழைத்திருந்தால்தான் அதிசயம். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது 1873-ல். அதற்கு முன்பு கப்பல், எகிப்துக்குக் குறுக்கே தரைப் பயணம், மறுபடி கப்பல், செங்கடல் வெயில், பிறகு மாட்டுவண்டி. டிரவுட் முட்டைக்குத் தண்ணீர் 10 டிகிரி அளவில் இருந்தால் சுமார் ஒரு மாதத்தில் பொரிக்கும். சூடு ஏற ஏறச் சீக்கிரம் பொரிக்கும், இன்னும் ஏறினால் செத்துப் போகும். ஆகவே முழுவதும் ஐஸ் வேண்டும். ஐஸ் என்பது அந்தக் காலத்தில் சென்னைக்கே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பொருள். இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கடற்கரைக் கட்டடம் அந்த ஐஸை வைப்பதற்காகக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். மறு வருஷமே, 1864-ல், 'நார்ஃபோக்' என்ற கப்பலில் பாசியில் பொதிந்து ஐஸ் அறையில் வைத்த முட்டைகள் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை போய் உயிரோடு பொரித்தன. அங்கே துறைமுகத்திலிருந்து ஓடை பக்கம், ஊரும் குளிர். இங்கே கரையில் இறங்கிய பிறகுதான் உண்மையான தொல்லையே ஆரம்பம்.

வேடிக்கை என்னவென்றால், மீனுக்கு முன்னால் சட்டம் வந்துவிட்டது. 1879-ல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் பாதுகாக்க நினைத்த மீன் எது தெரியுமா? வெளியிலிருந்து கொண்டுவந்து இந்தச் சீதோஷ்ணத்துக்குப் பழக்கிய மீன். உள்ளூர் மீன் அல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். ஊட்டி ஏரியில் டென்ச் போன்ற சில ஐரோப்பிய மீன்கள் 19-ம் நூற்றாண்டிலேயே நிலைத்துவிட்டன. ஆனால் அவை சேற்றுக் குளத்து மீன்கள். ஓடுகிற தண்ணீரில் எதிர்த்துப் பாயும் டிரவுட்டுக்கு இன்னும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1906-ல் அரசு ஹெச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணரை நியமித்தது. இவர் காரியக்காரர். பழுப்பு டிரவுட்டைக் கட்டிக்கொண்டு அழாமல், கொஞ்சம் அதிக வெப்பத்தைத் தாங்கக்கூடிய ரெயின்போவைப் பிடித்துக்கொண்டார். 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஏற்கெனவே டிரவுட்டைப் பழக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்தும், ஜெர்மனி, நியூசிலாந்து நாடுகளிலிருந்தும் அடுத்த சில வருஷங்களில் மீனும் முட்டையும் வந்தன. (இலங்கை மலைநாட்டிலிருந்து நீலகிரிக்கு முதலில் மீன் வந்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே மலைநாட்டிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மீனுக்குக் கிடைத்த வரவேற்பு அவர்களுக்குக் கிடைத்ததா என்பது வேறு கட்டுரை.)

வில்சன் வந்த நேரத்தில் ரயில் குன்னூர் வரை ஏறியிருந்தது, 1908-ல் ஊட்டியையும் தொட்டது. ஐஸ் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. டே செய்ததையே வில்சன் நாற்பது வருஷம் கழித்துச் செய்தார், அவ்வளவுதான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு தடவை கொண்டுவந்து விட்டால் வேலை முடிந்தது என்று வில்சன் நினைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் முட்டை எடுத்து, பொரிக்க வைத்து, வளர்த்து, ஓடையில் விட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அந்த ஏற்பாட்டைத்தான் நாம் 1974-ல் பார்த்தோம்.

இப்போது பெரியவரிடம் வருகிறேன். அவர் பெயரை நாம் யாரும் கேட்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். காக்கிக் கோட்டு, தலையில் மஃப்ளர், முழங்கால் வரை மடித்த வேட்டி. சிமென்ட் தொட்டியிலிருந்து ஒரு பெண் மீனை ஈரத் துணியால் பிடித்து எடுத்தார். தலையை அக்குளில் அடக்கிக்கொண்டு, வயிற்றின் மேல் பெருவிரலால் மெதுவாக, மாட்டு மடியில் கறப்பதுபோல் வழித்தார். ஆரஞ்சு நிறத்தில் ஜவ்வரிசி போல முட்டைகள் தட்டில் விழுந்தன. தட்டில் தண்ணீர் கிடையாது. அதன் மேல் ஆண் மீனை அழுத்தினார், பால்போல் நாலு சொட்டு. ஒரு கோழி இறகால் கலக்கினார். அப்புறம்தான் தண்ணீர் ஊற்றினார். முதலிலேயே தண்ணீர் பட்டால் விந்து சற்று நேரத்தில் சக்தி இழந்துவிடும், முட்டையும் நீரை உறிஞ்சி வாசலை மூடிக்கொள்ளும். இதை நம் சார் கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார். பெரியவர் ஒரு நிமிஷத்தில் செய்து காட்டினார்.

உள்ளே இருட்டறையில் ஓடும் தண்ணீரில் தட்டுகள் வரிசையாக இருந்தன. செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதில் பூஞ்சை பிடித்தால் பக்கத்து முட்டைக்கும் பரவும். ஆகவே தினமும் ஒவ்வொரு தட்டாகப் பார்த்து வெள்ளை முட்டைகளைப் பொறுக்க வேண்டும். ஜனவரிக் குளிரில், அந்தத் தண்ணீரில், ஒவ்வொரு முட்டையாக. பெரியவரின் விரல் நுனிகள் வெடித்திருந்தன.

"எத்தனை வருஷமாப் பொறுக்கறீங்க?" என்று நான் கேட்டேன்.

"எங்கப்பா பொறுக்கினாரு, நான் பொறுக்கறேன்" என்றார். குஞ்சுகள் விரல் நீளம் வந்ததும் தகரக் கேன்களில் தண்ணீரோடு எடுத்து, காவடி போலத் தோளில் சுமந்து, அட்டைக் காட்டில் மேடேறி, ஓடை ஓடையாகப் போய் விடுவார்களாம். வழியில் நிற்கக் கூடாது. நடந்தால்தான் தண்ணீர் குலுங்கும், குலுங்கினால்தான் அதில் காற்றுக் கலக்கும், கலந்தால்தான் மீன் பிழைக்கும். "மீனு மூச்சு விட நாங்க மூச்சு வாங்கணும்" என்று அவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

அப்போது நான் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதறே தம்பி என்று கேட்டார். "டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவந்தவர் ஹெச்.சி. வில்சன்" என்று வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "அந்தத் துரை ஒத்தையா வந்தாரா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்குள் சார் கூப்பிட, எல்லோரும் வெளியே போனார்கள். நான் பின்தங்கினேன். இப்போது, 50 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, இந்த மலரில் ஒப்புக்கொள்கிறேன். இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நன்றாக ஆட்டிப் பார்த்தேன். முட்டைக்குள் கண் புள்ளி தெரியும் நிலை வந்துவிட்டால் முட்டை எதையும் தாங்கும். கடல் கடந்து அனுப்புவதும் அந்த நிலையில்தான். அதற்கு முந்தைய நாட்களில் ஓர் அதிர்ச்சி போதும், உள்ளே உயிர் நின்றுவிடும். நான் எடுத்தது கண் வராத தட்டு. பெரியவர் வாசலில் நின்று பார்த்துவிட்டார். ஓடி வந்து தட்டை வாங்கி, சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கினார். "இந்த வாரம் அதை அசைக்கக் கூடாது தம்பி" என்றார். அவ்வளவுதான். சாரிடம் சொல்லவில்லை. அந்தத் தட்டு முழுக்க வெள்ளையானால் அவர்தானே பதில் சொல்லியிருக்க வேண்டும்? என்ன ஆயிற்று என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அந்த ரெக்கார்டு நோட்டுக்கு 20-க்கு 18 மார்க் போட்டார்கள்.

பிறகு நான் வாத்தியார் வேலைக்குப் போய், கொஞ்ச காலம் நீலகிரியிலேயே இருந்தேன். அப்போதுதான் ஓடைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். டிரவுட் வாழ மூன்று விஷயம் வேண்டும். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். நிறையக் காற்றுக் கலந்திருக்க வேண்டும். முட்டையிட, தண்ணீர் ஊடுருவிப் பாயும் சுத்தமான சரளைக்கல் வேண்டும். நாம் பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரியில் இருக்கிறோம். 2000 மீட்டருக்கு மேலே போனால்தான் முதலாவதே கிடைக்கும். சோலைக் காடும் புல்வெளியும் இருக்கும் இடத்தில் மழை நீர் மண்ணில் இறங்கி, கோடையிலும் குளிர்ந்தே கசிந்து வரும். அப்படிப்பட்ட சில ஓடைகளில் டிரவுட் தானாகவே பெருகியது, யாரும் விட வேண்டியதில்லை. மற்ற இடங்களில் வருஷா வருஷம் கேன் சுமந்தால்தான் உண்டு.

1950-களில் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. கொழும்புத் திட்டத்தில் கனடா உதவி செய்தது. முதல் கட்டம் 1960-ல் ஓட ஆரம்பித்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி என்று ஓடைக்கு ஓடை அணை. அவலாஞ்சி ஏரியும் எமரால்டு ஏரியும் சுரங்கத்தால் இணைந்தவை. நம் தலைமுறைக்குப் படிக்க விளக்கு எரிந்ததில் இந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டு, ஆகவே நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் மீனுக்கு இது வேறு உலகம். ஏரியில் டிரவுட் கொழுத்து வளரும், முட்டையிட முடியாது. அதற்கு மேலே வந்து சேரும் ஓடைக்குத்தான் ஏற வேண்டும். அந்த ஓடைக்கரையிலோ புல்வெளியை அழித்துச் சீகை, பைன், யூகலிப்டஸ் நட்டாகிவிட்டது. இன்னொரு பக்கம், 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்த கண்ணாடிக் கெண்டை இருக்கிறதே, அதற்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. சேறோ சகதியோ எதிலும் பெருகி, இங்கிருந்து மற்ற மாநிலங்களுக்கும் போய்விட்டது. அதை யாரும் பாராட்டி எழுதுவதில்லை. பாவம், அது கறிக்கு மட்டும் பயன்படுகிறது.

பொரிப்பகத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கூட்டத்திலிருந்து முட்டை எடுத்து, அதன் குஞ்சுகளையே மறுபடி தாய் மீனாக்கி வந்தால், நாளடைவில் மீன் சிறுத்துப் போகும், முட்டை குறையும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்று நம் சார் வகுப்பில் உதாரணம் சொல்ல, முதல் பெஞ்சில் மாமா மகளை நிச்சயம் செய்திருந்த நம் தோழர் முகம் போன போக்கை மறக்க முடியாது. (அவர்கள் சௌக்கியம். பேரன் அமெரிக்காவில், டிரவுட் பூர்வீகத்துப் பக்கமே இருக்கிறான்.)

இதற்கிடையில் காலம் மாறியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முக்குருத்தி 1982-ல் சரணாலயமாகி, 1990-ல் தேசியப் பூங்காவானது. வரையாட்டுக்காகத்தான் முக்கியமாக. லைசென்ஸ் வாங்கி, தூண்டில் முள்ளில் ஈ போல இறகு கட்டிக்கொண்டு அந்த ஓடைகளில் நின்ற காலம் முடிந்தது. 2000-ல் உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் வெளியானது. அதில் நம் ரெயின்போ டிரவுட்டும் இருக்கிறது. விட்ட இடங்களில் உள்ளூர்ச் சிறு மீனையும் தவளைக் குஞ்சையும் தின்று தீர்க்கும் என்பது குற்றச்சாட்டு. 1879 சட்டத்தை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அன்று வெளியூர் மீனைக் காப்பாற்றச் சட்டம் போட்டார்கள். இன்று அதே மலையில் உள்ளூர் உயிர்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், புதிதாக எந்த ஓடையிலும் இனி டிரவுட் விடக் கூடாது. தொட்டியில் வளர்க்கட்டும், அணை ஏரியோடு நிறுத்திக்கொள்ளட்டும். நாற்பது வயதில் இதைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், அப்போது எனக்குத் தூண்டில் பைத்தியம். நம் சிறு மீன்கள் விரல் நீளம்தான், படத்துக்கு அழகாக இருக்காது, யாரும் அவற்றுக்காகக் கேன் சுமந்ததில்லை. ஆனால் அருவிக்கு மேலே அவை எப்படியோ வந்து சேர்ந்து, யார் தயவும் இல்லாமல் இருந்திருக்கின்றன. அவற்றை எண்ணிப் பார்ப்பதற்குள் நாம் வெளியூர் மீனை விட்டுவிட்டோம். இதில் நம் சார் உயிரோடு இருந்தால் என்னோடு சண்டைக்கு வருவார்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பேப்பரில் வந்தது. மலை சரிந்ததால்தான் அந்த இடத்துக்கே 19-ம் நூற்றாண்டில் அவலாஞ்சி என்று பெயர் வந்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த இருட்டறையும் தட்டுகளும்தான். பெரியவர் இருந்தால் அன்று நூறு வயதை நெருங்கியிருப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அன்று கிளம்பும்போது பொரிப்பக வாசலில் குரூப் போட்டோ எடுத்தோம். கேமரா நம் வகுப்பில் ஒருவருடையது. சார் நடுவில், போர்வைக் கூட்டம் இரண்டு பக்கமும். ஓரத்தில் கையில் வாளியோடு பெரியவர் நிற்கிறார். அவரை யாரோ இழுத்து நிறுத்தினார்கள். என் பிரதி வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது. யாரிடமாவது இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் செட்டில் ஒருவருக்குப் போட்டோவின் பின்னால் எல்லோர் பெயரையும் எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. அவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று மட்டும் சங்க அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள்.